கணக்குப் புலியின் கிரெடிட் கார்டு

கேள்வி: எனக்கு வயது 39. பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. கணக்கில் எப்போதும் எல்லைக்கோட்டில்தான் தேறுவேன். கணவர் எம்.எஸ்சி. கணிதம் படித்தவர், தனியார் கல்லூரியில் பாடம் நடத்துகிறார். திருமணமான நாளிலிருந்து வீட்டு வரவுசெலவை நான்தான் பார்த்துவருகிறேன். மகளின் பள்ளிக் கட்டணத்துக்காக அண்மையில் நகையை வங்கியில் அடகு வைத்து, 10 சதவீத வட்டியில் ஒரு லட்சம் வாங்கினேன். அதே வங்கியில் என் பெயரில் 7 சதவீத வட்டியில் 2 லட்சம் ஃபிக்ஸட் டெபாசிட் இருக்கிறது. அது மகளின் மேற்படிப்புக்கு. அதைத் தொட மனம் வரவில்லை. இதை அறிந்த கணவர், "முன்னுக்குப் பின் முரணாக முடிவெடுப்பது கணக்கு வராதவர்களின் குணம். ஆராய்ச்சியே அப்படித்தான் சொல்கிறது. இனிமேல் பண விஷயத்தை என்னிடம் விட்டுவிடு" என்கிறார். ஆனால் அவருடைய கிரெடிட் கார்டில் 80,000 ரூபாய் பாக்கி நிற்கிறது. மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுகிறார். அதற்கு மாதம் 3.5 சதவீத வட்டி. சேமிப்புக் கணக்கிலோ ஒன்றரை லட்சம் சும்மா கிடக்கிறது. உழவர் சந்தையில் கத்தரிக்காய்க்குப் பத்து ரூபாய் பேரம் பேசுபவர், 32,000 ரூபாய்க்கு ஃபோன் வாங்கும்போது அடுத்த தெருவில் ஆயிரம் ரூபாய் குறைவு என்று சொன்னால், "ஆயிரத்துக்காக அலைவதா?" என்கிறார். மூளை உள்ளவர்கள் பண விஷயத்தில் தடுமாற மாட்டார்கள் என்பது உண்மையா? பொறுப்பை அவரிடமே கொடுத்துவிடலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: கொடுக்காதீர்கள், சகோதரி. ஆனால் உங்கள் கணவர் குறிப்பிட்ட ஆராய்ச்சி பொய்யில்லை. அவர் அதில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார், அதுவும் தமக்குச் சாதகமான பாதியை.

அந்தப் பாதியை முதலில் பார்த்துவிடுவோம். ஒருவர் பணத்தை எதில் செலவழிக்கிறார் என்பதைப் பொருளாதார ஆய்வாளர்கள் குறை சொல்வதில்லை. ஒருவருக்கு மீன் பிடிக்கும், இன்னொருவருக்குப் பட்டுப்புடவை. அவர்கள் பார்ப்பது ஒன்றைத்தான்: ஒருவருடைய தேர்வுகள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா? மீன் கூடை, பழக்கூடை இரண்டில் எதை வேண்டுமானாலும் வாங்கும் அளவுக்குப் பணம் இருக்கிறது, பழக்கூடைதான் மலிவு, இருந்தும் மீனை எடுக்கிறீர்கள். அப்படியென்றால் உங்களுக்கு மீன்தான் பெரிது. அடுத்த வாரம் மீன் மலிந்து பழத்தின் விலை ஏறுகிறது. இப்போது கூடுதல் விலை கொடுத்துப் பழத்தை எடுக்கிறீர்கள். இரண்டும் பொருந்தவில்லை. சாமர்த்தியமான வியாபாரி ஒருவன் இந்த இரண்டு தேர்வுகளுக்கும் நடுவில் நின்று உங்களிடம் காசு கறந்துவிடலாம். இந்த மோதலை அளந்து, இத்தனை ரூபாய்க்கு இத்தனை பைசா வீணாயிற்று என்று சொல்லும் வழிக்கு 1967-இல் எஸ்.என். ஆஃப்ரியாட் என்ற கணிதப் பொருளாதார அறிஞர் அடித்தளம் போட்டார். அவருக்குப் பின் ஹால் வேரியன் அதை ஆய்வுக்கு எளிதான கருவியாக்கினார்.

அந்தக் கருவியைக் கொண்டு ஷாகர் கரிவ் உள்ளிட்ட நான்கு பொருளாதார ஆய்வாளர்கள் நெதர்லாந்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களைச் சோதித்தார்கள். ஒவ்வொருவரும் 25 முறை, உண்மைப் பணம் கிடைக்கும் வாய்ப்போடு, திரையில் தேர்வுகள் செய்தார்கள். 2014-இல் முடிவு வெளிவந்தது. அதிகம் படித்தவர்கள், அதிகம் சம்பாதிப்பவர்கள், இளையவர்கள் ஆகியோரின் தேர்வுகளில் சராசரியாக மோதல் குறைவு. ஆண்களுக்குப் பெண்களைவிடச் சற்றுக் குறைவு. (இந்த வரியை உங்கள் கணவர் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்வார். வைத்துக்கொள்ளட்டும்.) வருமானத்தையும் படிப்பையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், முரணில்லாமல் தேர்வு செய்த வீடுகளில் சொத்து அதிகமாக இருந்தது. அந்த அளவுகோலில் ஒரு திட்ட விலக்கம் (ஆளுக்கு ஆள் வழக்கமாகக் காணும் வேறுபாட்டின் அளவு) மேலே இருந்தால் சொத்து 15 முதல் 19 சதவீதம் கூடுதல்.

அமெரிக்காவில் லாரி ஓட்டப் பயிற்சிக்கு வந்த ஏறக்குறைய ஆயிரம் பேரிடம் நடத்திய ஆய்வு 2009-இல் வெளிவந்தது. படப் புதிர், எண் கணக்கு போன்ற சோதனைகளில் நன்றாகச் செய்தவர்கள் ஆபத்தையும் காத்திருப்பையும் பற்றிய கேள்விகளுக்கு முரணில்லாமல் பதில் சொன்னார்கள், பொறுமையும் அதிகம். ஓராண்டுக்குள் வேலையை விட்டால் பயிற்சிச் செலவு தலையில் விழும் என்ற ஒப்பந்தம் அங்கே இருந்தது. சோதனைகளில் நன்றாகச் செய்தவர்களில் அதிகம் பேர் அந்த ஓராண்டைத் தாண்டி நின்றார்கள். ஆகவே அறிவுத்திறனுக்கும் முரணில்லாத முடிவுக்கும் தொடர்பு இருக்கிறது. இதை மறுத்து உங்களுக்கு ஆறுதல் சொல்வது என் வேலையில்லை.

இனி அவர் சொல்லாத பாதி.

முதலில் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களுக்குப் போவோம். உங்கள் கடிதத்துக்கு நேரான பதில் அங்கேதான் இருக்கிறது. கரும்பு விவசாயிக்குப் பெரிய பணம் ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். வெட்டுவதற்கு ஆலை உத்தரவு தர வேண்டும். அது எல்லோருக்கும் ஒரே நாளில் வராது. ஒருவருக்கு முன்னே, ஒருவருக்குப் பின்னே. இதைப் பயன்படுத்தி ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபிர், ஜியாயிங் ஜாவோ ஆகிய நால்வர் 54 கிராமங்களில் 464 விவசாயிகளை, ஒரே ஆளையே, அறுவடைக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் சோதித்தார்கள். கொடுத்தவை படப் புதிர்களும், கவனத்தை அளக்கும் எண் பயிற்சியும். அறுவடைக்குப் பின் அதே மனிதர் தெளிவாகவே நன்றாகச் செய்தார். இடையில் அவர் பள்ளிக்கூடம் போகவில்லை, புதிதாக எதையும் படிக்கவில்லை. கையில் பணம் வந்திருந்தது, அவ்வளவுதான். அறுவடைக்கு முன் அவர்களில் பெரும்பாலோர் ஏதாவது ஒன்றை அடகு வைத்திருந்தார்கள். பின்னால் அப்படி இருந்தவர்கள் வெகு சிலர். 2013-இல் வெளியான இந்த ஆய்வு சொல்வது: அறிவுத்திறன் என்று நாம் ஒருவருடைய நெற்றியில் ஒட்டும் சீட்டு, சோதனை நடந்த மாதத்தைப் பொறுத்தும் மாறும்.

இதற்கு எதிர்க்குரலும் உண்டு. அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் ஏழைக் குடும்பத்தினரைச் சோதித்த ஆய்வு ஒன்று 2016-இல் வந்தது. அதில் அறிவுச் சோதனையில் வேறுபாடு எதுவும் தெரியவில்லை. சம்பளம் வருமுன் "இப்போதே கிடைக்கட்டும்" என்ற அவசரம் மட்டும் பணத் தேர்வுகளில் கூடியிருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை வரும் கரும்புப் பணமும் இரண்டு வாரத்துக்கொருமுறை வரும் சம்பளமும் ஒன்றல்ல என்பது என் எண்ணம். எப்படியிருந்தாலும், பள்ளிக் கட்டணத்துக்குக் கெடு நெருங்கிய வாரத்தில் நீங்கள் எடுத்த ஒரு முடிவை வைத்து உங்கள் மூளையை எடைபோடுவது சரியில்லை.

இரண்டாவது விஷயம் சற்று நுட்பமானது. கணக்கு வராதவர்கள் ஆபத்துக்கு அஞ்சுவார்கள் என்று பல ஆய்வுகள் சொல்லிவந்தன. டென்மார்க்கில் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வில் சில பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். கேள்வித்தாளையே இரண்டு விதமாக அமைத்தார்கள். ஒன்றில் தவறிப்போய்ப் பிழை செய்தால் பயந்தவர்போலத் தோன்றும். மற்றதில் அதே பிழை துணிந்தவர்போலக் காட்டும். முதல் தாளில் கணக்கில் பின்தங்கியவர்கள் கோழைகளாகத் தெரிந்தார்கள், இரண்டாவதில் துணிச்சல்காரர்களாக! அவர்களின் சுபாவம் மாறவில்லை. எண்களைக் கையாள்வதில் அங்கங்கே கை நழுவியதைத்தான் முன்பு சுபாவம் என்று படித்திருக்கிறார்கள். "கணக்கு வராதவர்களின் குணம்" என்று உங்கள் கணவர் சொன்னாரே, அங்கேதான் அவர் தடுக்கி விழுகிறார். கணக்கில் நழுவல் என்பது குணம் இல்லை. தாளும் பேனாவும் எடுத்தால் பெருமளவு சரியாகிவிடும். மலாவி நாட்டில் பள்ளிப் பெண்களுக்குப் படிப்பைத் தொடர ஓராண்டு உதவி செய்துவிட்டு, சில ஆண்டுகள் கழித்து, நெதர்லாந்தில் பயன்படுத்திய அதே கருவியால் சோதித்தார்கள். உதவி பெற்றவர்களின் தேர்வுகளில் முரண் குறைந்திருந்தது.

இனி உங்கள் கணவரின் மூளைக்கு வருவோம். அவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்: ஒரு மட்டையும் பந்தும் சேர்த்து 110 ரூபாய். மட்டை பந்தைவிட 100 ரூபாய் அதிகம். பந்து என்ன விலை? பத்து என்று வாய் முந்திக்கொண்டு சொல்லும். சரியான விடை ஐந்து. ஷேன் ஃபிரெடரிக் 2005-இல் வெளியிட்ட இந்த மூன்று கேள்விச் சோதனையில், பெரும்பாலும் கல்லூரி மாணவர்களாக இருந்த 3,428 பேரில் மூன்றையும் சரியாகச் சொன்னவர்கள் 17 சதவீதம்தான். கணிதத்துக்குப் பேர்போன மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில்கூட 48 சதவீதம். இந்தக் கணக்கு அங்கிருந்த யாருக்கும் தெரியாததல்ல. நின்று யோசிக்கவில்லை. கணக்குத் திறன் வேறு, அதைச் சமயத்தில் வெளியே எடுப்பது வேறு.

நியூட்டனை விடவா ஒருவர் கணக்குப் புலி? 1720-இல் லண்டனில் தென்கடல் நிறுவனத்தின் பங்குகள் எகிறியபோது, நியூட்டன் தம்மிடம் இருந்தவற்றை நல்ல லாபத்தில் விற்றுவிட்டார். விலை இன்னும் ஏறியது. பொறுக்கவில்லை, அதைவிட உயர்ந்த விலையில் மறுபடி வாங்கினார். சரிவில் பெரும் பணம் போயிற்று. விலை குறைவாக இருந்தபோது வேண்டாம் என்று விற்றதை விலை ஏறிய பிறகு வேண்டும் என்று வாங்குவதற்கு என்ன பெயர் சொல்வது? அப்போது அவர் இங்கிலாந்தின் நாணயச் சாலைக்குத் தலைவர் வேறு.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 2012-இல் ரிச்சர்ட் வெஸ்ட், ரஸ்ஸல் மெசர்வ், கீத் ஸ்டனோவிச் ஆகிய மூவர் கண்டது. பிறருடைய சிந்தனைச் சறுக்கல்கள் நமக்குப் பளிச்சென்று தெரியும், நம்முடையவை தெரியாது. இந்தக் குருட்டுப் புள்ளி அறிவுத்திறன் கூடக் கூடக் குறையும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். குறையவில்லை. திறன் கூடியவர்களிடம் ஓரளவு கூடுதலாகவே இருந்தது. உங்கள் டெபாசிட்டையும் நகைக் கடனையும் ஒரே பார்வையில் பிடித்தவருக்குத் தம்முடைய கார்டும் சேமிப்புக் கணக்கும் கண்ணில் படவில்லை. எனக்கு இதில் வியப்பில்லை. என்னிடம் வருபவர்களில் தம் முதலீட்டைப் பற்றி மறுபேச்சே கேட்காதவர்கள் பெரும்பாலும் நன்கு படித்தவர்கள்தான்.

கத்தரிக்காய் விஷயம் பிரபலமான ஒன்று. டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி இருவரும் 1981-இல் கேட்டார்கள்: 15 டாலர் கால்குலேட்டர் இன்னொரு கடையில் 5 டாலர் குறைவு, கடை இருபது நிமிடத் தொலைவில், போவீர்களா? 68 சதவீதம் பேர் போவேன் என்றார்கள். கால்குலேட்டர் 125 டாலர், குறைவது அதே 5 டாலர் என்றதும் போவேன் என்றவர்கள் 29 சதவீதம். மிச்சமாகும் பணத்தைப் பார்க்காமல், விலையில் அது எத்தனை பங்கு என்று பார்க்கிறோம். அடுத்த தெருவில் உங்கள் கணவர் விட்டுவந்த ஆயிரம், நூறு கத்தரிக்காய்ப் பேரங்களுக்குச் சமம்.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கு. இதை இருவரும் சேர்ந்து படியுங்கள்.

உங்களுடையது: ஒரு லட்சத்துக்கு 10 சதவீத வட்டி, ஆண்டுக்கு 10,000. அதே ஒரு லட்சம் டெபாசிட்டில் தருவது 7,000. ஆகவே டெபாசிட்டை உடைக்காமல் வைத்திருக்க நீங்கள் கொடுக்கும் விலை ஆண்டுக்கு 3,000 ரூபாய்.

அவருடையது: 80,000-க்கு மாதம் 3.5 சதவீதம் என்றால் 2,800. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, 504. மொத்தம் 3,304. சேமிப்புக் கணக்கில் அதே 80,000 ஆண்டுக்கு 3 சதவீதம் தருகிறது என்று தாராளமாக வைத்தாலும் மாதம் 200. ஆகவே அவர் இழப்பது மாதம் சுமார் 3,100 ரூபாய். ஓராண்டில் நீங்கள் இழப்பதை அவர் ஒரே மாதத்தில் இழந்துவிடுகிறார். போதாததற்கு, பாக்கி நிற்கும்வரை அந்தக் கார்டில் புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லாத நாட்கள் கிடைக்காது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

அவரை முட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பக்கம் கார்டு பாக்கி, இன்னொரு பக்கம் சும்மா கிடக்கும் சேமிப்பு என்று இரண்டையும் ஒன்றாக வைத்திருப்பது அமெரிக்கக் குடும்பங்களிலும் பரவலாக உண்டு. பொருளாதார ஆய்வாளர்கள் அதை ஒரு புதிராகவே வைத்து ஆராய்கிறார்கள். "அவசரத்துக்கு இருக்கட்டும்" என்பதுதான் அவருடைய காரணமாக இருக்கும். நியாயமான அச்சம். ஆனால் 80,000-ஐக் கட்டிய பிறகும் 70,000 கையில் மிஞ்சும். கார்டின் வரம்பும் திரும்பத் திறந்துகொள்ளும், உண்மையான அவசரம் வந்தால். இந்த வாரமே முழுப் பாக்கியையும் கட்டச் சொல்லுங்கள். இதில் ஆலோசிக்க ஒன்றுமில்லை.

உங்கள் முடிவை முரண் என்று சொல்ல எனக்குத் தயக்கம் இருக்கிறது. டெபாசிட்டை ஒருமுறை உடைத்தால் திரும்பச் சேராது, நகையை எப்பாடுபட்டாவது மீட்டுவிடுவோம் என்று உங்களை நீங்களே அறிந்து முடிவெடுத்திருந்தால், அந்த 3,000 ரூபாய் உங்கள் கட்டுப்பாட்டுக்கு நீங்கள் கொடுக்கும் கூலி. இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவருக்குத் தம் கை எங்கே இளகும் என்று தெரியும். அனுபவத்தின் எடையைக் காட்டும் ஆய்வும் இருக்கிறது: சுமித் அகர்வால், டேவிட் லெய்ப்சன் முதலியோர் 2009-இல் அமெரிக்கர்களின் கடன், கார்டு கணக்குகளை வயதுவாரியாகப் பார்த்தார்கள். மூளையின் வேகம் இருபதுகளிலேயே இறங்கத் தொடங்கிவிடுகிறது. பணத் தவறுகள் மிகக் குறைவாக இருப்பதோ சுமார் 53 வயதில். உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது. ஆனால் யோசிக்காமல், "அதைத் தொடக்கூடாது" என்ற ஒரே எண்ணத்தில் செய்திருந்தால், கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். டெபாசிட்டே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வந்து, "10 சதவீதத்துக்குக் கடன் வாங்கி 7 சதவீதத்தில் போட்டு வை" என்றால் செய்வீர்களா? அந்தப் பதில் உங்கள் இப்போதைய முடிவோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். உங்கள் கணவரும் தம் கார்டை வைத்து இதே கேள்வியைக் கேட்டுக்கொள்ளலாம்.

பொறுப்பைப் பிரிப்பது பற்றி. வட்டி ஒப்பீடு, தவணைக் கணக்கு, காப்பீட்டுத் தாளில் உள்ள சிறு எழுத்து ஆகியவற்றை அவர் பார்க்கட்டும். அது அவருக்கு நன்றாக வரும், வேகமாகவும் வரும். முடிவு மட்டும் இருவருடையதாக இருக்கட்டும். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட எதுவானாலும் பேசத் தொடங்குமுன் இருவரும் தனித்தனித் தாளில் "வேண்டும், வேண்டாம், ஏன்" என்று இரண்டு வரி எழுதுங்கள். பேசிவிட்டு எழுதினால் பயனில்லை. கல்லூரியில் பாடம் நடத்துபவரோடு பேசி ஜெயிப்பது கடினம். அந்தத் தாள்களைத் தூக்கி எறியாமல் ஒரு நோட்டில் ஒட்டி வையுங்கள். ஆறு மாதம் கழித்துப் புரட்டினால் யார் எங்கே முரண்படுகிறார் என்று இருவருக்குமே தெரியும், ஆய்வாளர் யாரும் தேவையில்லை. கட்டணம் கட்டும் கடைசி நாளில் எதையும் முடிவு செய்யாதீர்கள். பள்ளிக் கட்டணம் எந்த மாதம் வரும் என்பது இரண்டு மாதம் முன்பே தெரிந்த சங்கதிதானே. பிற்பகல் என்றால் சற்றுக் கண்ணயர்ந்துவிட்டு உட்காருங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை: சென்னையில் தரவுப் பதிவு வேலை செய்த குறைந்த வருமானக்காரர்களிடம் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வில், இரவுத் தூக்கத்தை அரைமணி நேரம் போல நீட்டியது தெளிவான பலன் எதையும் தரவில்லை, பகலில் போட்ட குட்டித் தூக்கம் கவனத்தையும் வேலைத் திறனையும் கூட்டியது.

கடைசியாக, உங்கள் நகை. நீங்களும் கணவரும் கவனிக்காத மூன்றாவது வழி ஒன்று அதே வங்கியில் இருக்கிறது. ஃபிக்ஸட் டெபாசிட்டை உடைக்காமல், அதன் பேரிலேயே கடன் வாங்கலாம். தொகையின் பெரும்பகுதி வரை தருவார்கள். வட்டி வழக்கமாக டெபாசிட் வட்டியைவிட ஒன்று அல்லது இரண்டு சதவீதம்தான் கூடுதல். உங்கள் வங்கியில் 8 சதவீதம் என்றால் உங்கள் இழப்பு ஆண்டுக்கு 3,000-இலிருந்து 1,000 ஆகக் குறையும், டெபாசிட்டும் அப்படியே நிற்கும். கிளையில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இந்தக் கடனுக்கு இன்றைய வட்டி என்ன, முன்கூட்டியே கட்டினால் அபராதம் உண்டா, நகைக் கடனை இப்போதே முடித்தால் எத்தனை நாள் வட்டி எடுப்பார்கள்? பதில்கள் சாதகமாக இருந்தால் அந்தக் கடனை வாங்கி, அன்றைக்கே நகையை மீட்டுவிடுங்கள்.